பத்து விநாடியில் தெரிந்திருக்க வேண்டியது

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கோவில்பட்டிக்காரர், இங்கே மென்பொருள் வேலை. "அண்ணாச்சி, ஒருத்தர் வீட்டைக் காலி பண்ணும்போது ஒரு பெட்டி காமிக்ஸ் வாங்கிட்டேன். நாப்பது புத்தகம். அத்தனையையும் கிரேடிங்குக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லணும்" என்றார்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் பெட்டி திறந்தபடி இருந்தது. பக்கத்தில் அனுப்ப வேண்டிய படிவம், பாதி நிரப்பியிருந்தார்.

கிரேடிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் புத்தகத்தின் விலை அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே இதழ்தான், ஒரே ஆண்டுதான். மடிப்பே விழாத பிரதி ஒரு விலைக்குப் போகும், மூலை மழுங்கி முதுகு வெடித்த பிரதி அதில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போகாது. நிலை நன்றாக இருக்கிறது என்று விற்பவரே சொன்னால் வாங்குபவர் நம்பத் தயங்குவார். அதனால் மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்படுகிறார். புளோரிடா மாநிலம் சாரசோட்டாவில் இருக்கும் சி.ஜி.சி. நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. புத்தகத்தை அனுப்பினால் பக்கங்களை எண்ணி, யாராவது ஒட்டுப்போட்ட தடயம் உண்டா என்று பார்த்து, 0.5 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். அதன் பிறகு பெட்டியை உடைக்காமல் ஒரு பக்கத்தையும் புரட்ட முடியாது. 2014இல் சி.பி.சி.எஸ். என்று இன்னொரு நிறுவனமும் வந்தது. இணைய ஏலம் பெருகப் பெருக, புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமலே பணம் அனுப்புகிறவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு இந்த எண் ஒரு தைரியம். அது நியாயமான தேவை. அந்தத் தேவை இல்லாத இடத்திலும் காசு கொட்டுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் காமிக்ஸ் வியாபாரி இல்லை. அச்சுத் தொழிலாளி. சிவகாசியில் பிறந்து, பதினேழு வயதில் ஆப்செட் மெஷினில் தாள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவன். 1996இல் இங்கே வந்தேன். இன்றைக்கும் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில்தான் இருக்கிறேன். முத்து காமிக்ஸ் எங்கள் ஊர்ப் புத்தகம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய வரிசை அது. சின்ன வயதில் அந்தப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்துக் கிழித்தவர்களில் நானும் ஒருவன். இங்கே வந்த முதல் வருடம் ஒரு பழைய புத்தகக் கடையில் ஸ்பைடர்மேன் இதழைக் கையில் எடுத்தபோது, படத்தைப் பார்ப்பதற்கு முன் தாளைத்தான் தடவிப் பார்த்தேன். அதே நியூஸ்பிரிண்ட். அதே இரண்டு பின். அப்படித்தான் சேகரிக்கத் தொடங்கினேன்.

தம்பியின் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தோம். போன வருடம் நான் ஐந்து புத்தகங்கள் அனுப்பினேன். கிரேடிங் கட்டணம், அதற்கு முன் புத்தகத்தை அழுத்தி நேராக்கும் செலவு, போக வர அஞ்சல், காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் புத்தகத்துக்கு 60 டாலரை ஒட்டி வந்தது. அதே கணக்கில் நாற்பது புத்தகத்துக்கு 2,400 டாலர். பெட்டியை அவர் வாங்கியதே 500 டாலருக்கு.

பெட்டிக்குள் என்ன இருந்தது? 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் மட்டும் நான்கு பிரதிகள். 1993ஆம் ஆண்டு ஜனவரி தேதியிட்ட 'சூப்பர்மேன்' 75, சூப்பர்மேன் சாகும் கதை, இரண்டு பிரதிகள். 1990இன் 'ஸ்பைடர்மேன்' முதல் இதழ். "முதல் இதழ்னா விலை கூடத்தானே அண்ணாச்சி?" என்று கேட்டார் தம்பி. முதல் இதழ் என்பதால் மட்டும் விலை கூடாது. அந்த 'எக்ஸ்-மென்' இதழ் வெவ்வேறு அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது; தனி காமிக்ஸ் இதழ் விற்பனையில் கின்னஸ் சாதனை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் விலை ஏறும் என்று நம்பி, படிக்காமல் உறையில் போட்டு வைத்தார்கள். அதனால் இன்றைக்கும் புத்தம் புதிதாகக் குவியல் குவியலாகக் கிடைக்கிறது. இந்த ஊர்க் கண்காட்சிகளில் ஒன்றிரண்டு டாலர் பெட்டியில் கிடக்கும். அதை 60 டாலர் செலவழித்துப் பெட்டியில் அடைத்தால், 9.8 வந்தால்தான் போட்ட காசு ஏதோ திரும்பும். 9.6 வந்தால் நஷ்டம். விற்றுக்கொடுக்கும் இணையதளமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துக்கொள்ளும். ஒன்பது புள்ளி ஆறுக்கும் ஒன்பது புள்ளி எட்டுக்கும் நடுவில் இருப்பது ஓரத்தில் ஒரு நகக்கீறல். அந்தக் கீறலை நம்பிக் குடும்பப் பணத்தை எடுத்துவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இதை எவ்வளவு சொன்னாலும் தம்பியின் முகத்தில் ஏமாற்றம் போகவில்லை. அதனால் என் கதையைச் சொன்னேன். அதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு புத்தகத்தில்தான்.

2009இல் இந்தப் பக்கம் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்த விற்பனைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு மேசையில் 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181 இருந்தது. 1974 நவம்பர் இதழ், அட்டையில் 25 சென்ட் என்று போட்டிருக்கும். வுல்வரின் என்ற பாத்திரம் முழுமையாக வந்த முதல் இதழ். சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண் உண்டு. மேசைக்காரர் 600 டாலர் சொன்னார். அட்டை பளபளப்பாக இருந்தது. முதுகில் நான்கைந்து சிறு வெடிப்புகள், ஒரு மூலை லேசாக மழுங்கல். உறையைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். நம்பிக்கையில்லாமல் கேட்பதாக நினைத்துவிடுவாரோ என்று தயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரமே கிரேடிங்குக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தது. வழக்கமான நீல லேபிளை எதிர்பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். லேபிள் பச்சை. 7.0 என்று எண், கீழே ஒரு வரி: மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப் வெட்டப்பட்டிருக்கிறது.

1974இல் மார்வெல் நிறுவனம் தன் இதழ்களின் கடிதப் பக்கத்தில் சிறு படம் ஒன்றை அச்சிட்டு, வெட்டிச் சேர்க்கச் சொன்னது. ஒட்டி வைப்பதற்கு ஒரு சிறு ஏடும் விற்றார்கள். பிள்ளைகள் கத்திரிக்கோலை எடுத்து வெட்டினார்கள். அவர்கள் செய்தது சரிதான். புத்தகமே அப்படிச் செய்யச் சொன்னது. ஆனால் இன்றைக்கு அந்த ஒரு சதுரத் துண்டு இல்லாத பிரதிக்கும் முழுப் பிரதிக்கும் விலையில் பெரிய இடைவெளி. முழுதாக இல்லாத, ஆனால் மற்றபடி நல்ல நிலையில் இருக்கும் புத்தகத்துக்குத்தான் அந்தப் பச்சை லேபிள்.

எனக்கு மனம் ஆறாமல் போனது 600 டாலருக்காக மட்டும் இல்லை. நான் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிறவன். அந்தக் காலத்துக் காமிக்ஸ் என்பது எட்டுத் தாள். மடித்தால் முப்பத்திரண்டு பக்கம், மேலே ஒரு அட்டை, நடுவில் இரண்டு பின். ஓரத்தில் விரலை வைத்துப் பக்கங்களைத் தள்ளினால் ஓட்டை விழுந்த தாள் கையில் தட்டுப்படும். பத்து விநாடி வேலை. தினமும் ஆயிரம் புத்தகத்துக்கு அச்சகத்தில் நான் செய்கிற வேலை. அதை என் சொந்தப் புத்தகத்துக்குச் செய்யாமல், அடுத்தவருக்குப் பணம் கட்டி மூன்று மாதம் காத்திருந்து தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் புத்தகத்தையும் அனுப்புவதற்கு முன் நானே எண் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, தேதி போட்டு வைப்பேன். வந்த பிறகு ஒப்பிடுவேன். முதல் சில வருடங்களில் என் எண் எப்போதும் ஒரு புள்ளி, சில சமயம் இரண்டு புள்ளி கூடுதலாகவே இருந்தது. நம் பொருள் என்றால் நம் கண் கொஞ்சம் தயவு காட்டிவிடுகிறது. இப்போது பெரும்பாலும் அரைப் புள்ளிக்குள் வந்துவிடுகிறேன். கண் அந்த அளவுக்குப் பழகிய பிறகு, எதை அனுப்பலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியில் முக்கால்வாசி வீட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் பணம் மிச்சமாகும் இடம் இதுதான். மற்றதெல்லாம் சில்லறை.

கண்ணைப் பழக்குவதற்குப் பெரிய செலவு கிடையாது. ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் 1970இல் தொடங்கிய விலைக் கையேடு ஆண்டுதோறும் வருகிறது. நிலையை எப்படிப் பார்ப்பது என்று தனியாக ஒரு நூலும் உண்டு. இங்குள்ள பொது நூலகத்தில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். டல்லாஸில் இருக்கும் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் தான் விற்ற புத்தகங்களின் பெரிய படங்களை எண்ணோடும் விலையோடும் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரே இதழின் 6.0, 8.0, 9.4 மூன்றையும் அடுத்தடுத்து ஒரு மணி நேரம் பார்த்தால் கண்ணுக்கே வித்தியாசம் பிடிபடும்.

பிறகு ஒரு மேசை விளக்கு. விளக்கை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, புத்தகத்தை மெல்லச் சாய்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் விரல் பதிவு, நெளிவு, உள்மடிப்பு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஆப்செட் மெஷின்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் லென்ஸும் ஒன்று வேண்டும். அந்தக் காலத்து அச்சில் நிறம் என்பது புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். எழுபதுகளின் அமெரிக்க காமிக்ஸில் மிகப் பெரும்பான்மை இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டா என்ற சிற்றூரில், வேர்ல்ட் கலர் அச்சகத்தில் ஓடியவை. வேகமாக ஓட்டிய மலிவான அச்சு. நிறம் ஒன்றோடொன்று விலகியிருப்பதே அதன் கையெழுத்து. வெளிறிய இடத்தில் யாராவது பேனாவோ தூரிகையோ வைத்திருந்தால் லென்ஸுக்கு அடியில் புள்ளி இல்லாமல் மெழுகினாற்போலத் தெரியும்.

ஓரத்தையும் பார்க்க வேண்டும். நியூஸ்பிரிண்ட் மரக்கூழால் ஆனது. அதில் தங்கிய லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுக்கும். பழுப்பு எப்போதும் ஓரத்திலிருந்துதான் உள்ளே போகும். ஒரு ஐம்பது வருடத்துப் புத்தகம் உள்ளே மங்கலாகவும் ஓரத்தில் பளிச்சென்றும் இருந்தால், யாரோ சமீபத்தில் கட்டிங் மெஷினில் விட்டுச் சிதைந்த ஓரத்தை நறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி நறுக்கியதும், நிறம் தீட்டியதும், கிழிசல் ஒட்டியதும் பழுதுபார்ப்புக் கணக்கில் சேரும். அதற்கு ஊதா லேபிள். ஊதா வந்தால் விலை படியிறங்கிவிடும்.

அழுத்தி நேராக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசையில் பலர் காசு விடும் இடம் அது. அளவான ஈரமும் சூடும் கொடுத்து, சமமாக அழுத்தி ஆறவைத்தால் புத்தகத்தின் நெளிவுகள் போகும். கிரேடிங் நிறுவனங்கள் இதைப் பழுதுபார்ப்பாக எண்ணுவதில்லை. சில புத்தகங்களுக்கு உண்மையிலேயே அரைப் புள்ளி, ஒரு புள்ளி கூடும். ஆனால் எந்த நெளிவு போகும், எது போகாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். மடிந்த இடத்தில் மை உடைந்து வெள்ளைக் கோடு தெரிந்தால் அது போகாது; உடைந்த மையை எந்தச் சூடும் ஒட்டாது. மை உடையாமல் தாள் மட்டும் வளைந்திருந்தால் போகும். முதுகில் வெள்ளைக் கோடுகளும் மூலை மழுங்கலும் மட்டும் இருக்கும் புத்தகத்துக்கு அழுத்தும் கட்டணம் கட்டுவது வீண். துணிக்குப் போடும் இஸ்திரிப் பெட்டியை வைத்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். தாள் அடுக்கிய கைதானே என்று நம்பி நான் செய்து பார்த்தேன். அட்டையின் வழவழப்பு ஒரு இடத்தில் கருகியது, பின் இருந்த இடத்தில் அட்டையில் பள்ளம் விழுந்தது. இன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் வருத்தமாக இருக்கிறது.

தள்ளுபடி வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். 1975க்குப் பிந்தைய இதழ்களுக்குத் தனியாக மலிவான பிரிவு உண்டு. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே பெட்டியில் அனுப்பினால் அஞ்சல் செலவு பங்காகும். ஆண்டுச் சந்தாவில் கிடைக்கும் கழிவு நிறையப் புத்தகம் அனுப்புகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும். மூன்று நான்குதான் என்றால், அடிக்கடி அனுப்பும் உள்ளூர் காமிக்ஸ் கடைக்காரர் மூலம் கொடுப்பது மேல். நியூயார்க் காமிக்கான் போன்ற விழாக்களில் நேரிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பக்கத்து அஞ்சல் மிச்சம், வழியில் நசுங்கும் பயமும் இல்லை. புதிய இதழ்களை மொத்தமாக அனுப்புகிறவர்கள், 'இந்த எண்ணுக்குக் கீழே வந்தால் பெட்டியில் போடாமல் திருப்பிவிடுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லலாம். தேறாத புத்தகத்துக்குச் சிறு தொகைதான் பிடிப்பார்கள். கட்டணத்தைக் குறைப்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். புத்தகம் தொலைந்தால் கைக்கு வருவதும் அந்தக் குறைந்த தொகைதான். அவசரச் சேவைக்குக் கூடுதல் பணம் கட்டுவதற்குக் காரணமே எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடம் பொறுத்த புத்தகம் இன்னும் மூன்று மாதம் பொறுக்கும்.

அப்படியானால் எப்போது அனுப்ப வேண்டும்? விற்கப்போகிறீர்கள், எண் இருந்தால் செலவைத் தாண்டி விலை கூடும் என்று கணக்குச் சொல்கிறது என்றால் அனுப்புங்கள். 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், பத்து சென்ட் புத்தகம். அதன் 8.5 பிரதி 2024 ஏப்ரலில் ஹெரிடேஜ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. அந்த மாதிரிப் புத்தகத்துக்கு எந்தக் கட்டணமும் பெரிதில்லை. பழைய விலையுயர்ந்த புத்தகத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்களா என்று உங்களுக்கே சந்தேகம் என்றாலும் அனுப்பலாம். அந்தச் சந்தேகம் தீர்வதற்குக் கொடுக்கிற பணம் அது. வைத்துப் படிக்கப்போகிற புத்தகத்துக்கு எண் எதற்கு? பூட்டி வைத்த பெட்டியின் வழியாக அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவா? ஒருவர் எழுதி, ஒருவர் வரைந்து, ஒருவர் நிறம் பிரித்து, என்னைப்போல் ஒருவர் பின் அடித்து அனுப்பியது பக்கம் புரட்டுவதற்காக.

பெட்டியில் போட்டுவிட்டால் புத்தகம் காக்கப்பட்டுவிடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். காப்பது இடம். 1977இல் கொலராடோவின் டென்வரில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர் வீட்டில் கண்டெடுத்த சேகரிப்பைப் பற்றி இங்கே எல்லாச் சேகரிப்பாளர்களும் பேசுவார்கள். மைல் ஹை காமிக்ஸ் கடையின் சக் ரோசான்ஸ்கி வாங்கியது. பதினெட்டாயிரத்துக்குக் குறையாத புத்தகங்கள், முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை வந்தவை. தாள் வெள்ளை மாறாமல், நிறம் குறையாமல் இருந்தன. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் பெட்டி ஏது? அடுக்கடுக்காக நெருக்கி வைத்திருந்தார், மலைப்பகுதியின் குளிர்ந்த வறண்ட காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேரூன்றியதற்கு மழை குறைந்த அந்த வறண்ட வெயிலும் ஒரு காரணம். ஈரம் ஏறிய தாள் மெஷினில் எப்படி முரண்டு பிடிக்கும் என்று அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும்.

நியூ ஜெர்சியில் எல்லாரும் காமிக்ஸ் பெட்டிகளை பேஸ்மென்ட் தரையில்தான் வைக்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழை இங்கே எத்தனையோ பேஸ்மென்ட்டுகளை நிரப்பியது. என் நண்பர் ஒருவர் மூன்று பெட்டிகளைச் சேறாக அள்ளிப் போட்டார். ஒரு மரப்பலகையை அடியில் கொடுத்து அலமாரியில் உயர்த்தி வைத்திருந்தால் தப்பியிருக்கும். ஒரு புத்தகத்தை கிரேடிங்குக்கு அனுப்பும் பணத்தில் நூறு புத்தகத்துக்கு உறையும் அமிலமில்லாத அட்டையும் வாங்கலாம். பழைய, அருமையான புத்தகங்களுக்கு மட்டும் மைலார் உறை போதும். பேஸ்மென்ட்டில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடட்டும்.

கிரேடிங் பெட்டியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கீறல் விழுந்த பெட்டியை மாற்றித் தரும் சேவையைப் பயன்படுத்தி, உயர்ந்த எண் கொண்ட பெட்டிக்குள் தாழ்ந்த பிரதியை நுழைத்த மோசடி சில வருடங்களுக்கு முன் வெளியே வந்தது. 2024 தொடக்கத்தில் சி.ஜி.சி. நிறுவனமே சந்தேகத்துக்குரிய பெட்டி எண்களைப் பட்டியலிட்டு அறிவித்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் புத்தகத்தை உற்றுப் பார்க்கத் தெரிந்த சேகரிப்பாளர்கள்தான்.

தம்பியின் வீட்டில் அன்று இரவு பத்து மணி வரை அவரும் நானும் நாற்பது புத்தகத்தையும் ஒவ்வொன்றாக விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். மூன்று தேறின. 1974 பிப்ரவரியின் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 129, பனிஷர் முதலில் வந்த இதழ். 1991 பிப்ரவரியின் 'நியூ மியூட்டன்ட்ஸ்' 98, டெட்பூல் அறிமுகம். 1973 ஜூலையின் 'டூம் ஆஃப் டிராகுலா' 10, பிளேட் அறிமுகம். தம்பிக்குச் சொந்த வீடு வாங்கும் யோசனை இருந்தது; இந்த மூன்றையும் விற்பதாக முடிவு. பக்கங்களை எண்ணினோம். பழைய இரண்டிலும் எதுவும் வெட்டப்படவில்லை. ஆளுக்கொரு சீட்டில் எண் எழுதிக்கொண்டோம். ஸ்பைடர்மேனுக்கு நான் 8.0, அவர் 9.0. டெட்பூலுக்கு நான் 9.4, அவர் 9.8. டிராகுலாவுக்கு இருவருமே 7.5.

மூன்றையும் அனுப்பினோம். ஜூலையில் திரும்பி வந்தன. ஸ்பைடர்மேன் 8.0. டெட்பூல் 9.2. டிராகுலாவின் லேபிள் ஊதா: அட்டையில் சிறு அளவில் நிறம் தீட்டப்பட்டிருக்கிறது.

தம்பி அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "நீங்க லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களே அண்ணாச்சி?" என்று கேட்டார். பார்த்தேன்தான். புள்ளி இருக்கிறதா என்று நிறமுள்ள இடமெல்லாம் பார்த்தேன். கறுப்பு அடர்ந்து நிரம்பிய இடத்தில் அச்சிலேயே புள்ளி இருக்காது. அங்கே லென்ஸால் பயனில்லை. அட்டையைத் திறந்து உள்பக்கத்தில் மை ஊறியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அன்று இரவு அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்த புத்தகம், இன்னும் முப்பத்தைந்து மிச்சம் இருந்தது. திறந்து பக்கங்களை எண்ணினேன், அட்டையின் உள்பக்கத்தில் கண்ணை நிறுத்தவில்லை. அவர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஒன்றுக்குக் கட்டிய பணம் முழுக்கத் தகும் என்று தம்பியிடம் சொன்னேன். விற்றபின் வாங்கியவர் கண்டுபிடித்திருந்தால் தம்பியின் பெயர் கெட்டிருக்கும்.

மற்ற இரண்டும் விற்றுவிட்டன. டிராகுலாவை விற்க வேண்டாம், படிக்கப்போகிறேன் என்றார் தம்பி. மேசையில் துணி விரித்து, பெட்டியின் மூலையில் தட்டையான திருப்புளியை விட்டு மெதுவாக நெம்பினேன். லேபிளை எடுத்துத் தனியாக வைத்தோம். அட்டையைத் திறந்து உள்பக்கத்தை விளக்கில் சாய்த்தபோது முதுகை ஒட்டி, அரிசி அளவுக்கு, மை ஊறிய கறை தெரிந்தது. தம்பி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெட்டியில் மிச்சமிருந்த எழுபதுகளின் புத்தகங்களைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். காரிலேயே வைத்திருந்தார்.